நாலு சென்ட்டில் ஓர் அதிசயம்: கைப்பந்துக் களத்தைப் பற்றி இதெல்லாம் தெரியுமா?

நாலு சென்ட் மனை என்றதும் நமக்கு என்ன நினைவுக்கு வரும்? ஒரு சின்ன வீடு, வாசலில் ஒரு வேப்பங்கன்று, பின்னால் ஒரு அடிபம்பு. அதே நாலு சென்ட்டுக்குள் ஒலிம்பிக் இறுதிப்போட்டியையே நடத்திவிடலாம் என்பது தெரியுமா? கைப்பந்துக் களம் 18 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம். பெருக்கினால் 162 சதுர மீட்டர். ஒரு சென்ட் 40.47 சதுர மீட்டர். வகுத்துப் பாருங்கள், சொல்லிவைத்த மாதிரி நான்கு வருகிறது! மிச்சம் ஒரு முறம் வைக்கும் அளவு இடம்தான். சென்ட் கணக்கே தெரியாத ஊரில் பிறந்த விளையாட்டு, நம் பத்திரக் கணக்கில் இப்படிக் கச்சிதமாக வந்து உட்கார்ந்திருக்கிறது. இதை முதன்முதலில் கணக்குப் போட்டுப் பார்த்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அவசரப்பட்டு நாலு சென்ட்டை வளைத்துவிடாதீர்கள்! கோட்டுக்கு வெளியேயும் களம் இருக்கிறது. நான்கு பக்கமும் குறைந்தது 3 மீட்டர் வெற்றிடம் விட வேண்டும் என்கிறது விதி. ஆக 24-க்கு 15 மீட்டர், அதாவது ஏறக்குறைய ஒன்பது சென்ட். பன்னாட்டுப் போட்டி என்றால் பக்கவாட்டில் 5 மீட்டர், பின்னால் 6.5 மீட்டர். கூட்டினால் பதினாலரை சென்ட்! பந்து கோட்டைத் தாண்டிப் போனாலும் தரையைத் தொடும்வரை உயிரோடுதான் இருக்கிறது. அதைத் துரத்தி ஓடுகிறவருக்கும் ஒரு நிலம் வேண்டுமே, அதற்காகத்தான் இந்த இடம்.

வானமும் அளந்துதான் கொடுக்கப்பட்டிருக்கிறது, தெரியுமா? தரையிலிருந்து மேலே 7 மீட்டர் வரை எதுவும் குறுக்கிடக் கூடாது. பெரிய பன்னாட்டுப் போட்டிக்கு அதுவே 12.5 மீட்டர், நாலு மாடிக் கட்டடத்தின் உயரம். கிளை தாழ்ந்த புளியமரத்தடியில் நெட் கட்டுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நிழல் ஆசை வேறு, களம் வேறு.

திறந்தவெளியில் களம் போடும்போது அதன் நீளவாட்டை வடக்கு தெற்காக வைப்பது வழக்கம். மாலை வெயில் ஓர் அணியின் கண்ணில் மட்டும் குத்தாமல் இருவருக்கும் பக்கவாட்டில் விழும். மழைத்தண்ணீர் வடிய மீட்டருக்கு 5 மில்லிமீட்டர் சரிவு வைத்துக்கொள்ள விதியே இடம் கொடுக்கிறது. ஒன்பது மீட்டர் அகலத்துக்கு நாலரை சென்டிமீட்டர்தான். கண்ணுக்குத் தெரியாது. தண்ணீருக்குத் தெரியும்!

அடுத்தது கோடு. இங்கேதான் பல ஊர்களில் களம் கெட்டுப்போகிறது.

கோட்டின் அகலம் 5 செ.மீ. அது களத்துக்கு உள்ளே சேர்ந்ததா, வெளியே சேர்ந்ததா? உள்ளேதான். 18-ம் 9-ம் கோட்டின் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்புவரை எடுக்கும் அளவு. அளவை உள்விளிம்பில் எடுத்துவிட்டு அதற்கு வெளியே சுண்ணாம்பைக் கொட்டினால் களம் 18.10-க்கு 9.10 ஆகிவிடும். பத்து சென்டிமீட்டரா பெரிசு என்று கேட்பீர்கள். பந்தின் ஓரம் ஒரு நூலளவு கோட்டைத் தொட்டாலே உள்ளே என்று கணக்கு வைக்கும் விளையாட்டு இது. அந்தப் பத்து சென்டிமீட்டரில் ஒரு கோப்பையே கை மாறும்.

எங்கள் ஊரில் பொங்கலுக்கு நடக்கும் மின்னொளிக் கைப்பந்துப் போட்டிக்குக் கோடு போடுகிறவர் ஒரு கொத்தனார். ஊருக்கே மாமா. அவர் கை வேலை செய்யும் அழகைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். நான்கு மூலையிலும் முளை அடிப்பார். முளைகளைச் சுற்றிக் கயிறை விண்ணென்று இழுத்துக் கட்டுவார். கட்டைவிரலால் கயிறைச் சுண்டிவிட்டு, அது அதிர்ந்து அடங்கும்வரை காத்திருப்பார். பிறகு அடியில் ஆணியால் துளை போட்ட பால் டின்னில் சுண்ணாம்புத்தூளை நிரப்பி, கயிற்றின் உள்பக்கமாகவே தட்டிக்கொண்டு போவார். ஒரு பொடிகூட கயிறைத் தாண்டாது. "மாப்ள, கயிறுதான் எல்லை. சுண்ணாம்பு அதுக்கு உள்ள இருக்கிற சாட்சி" என்பார். விதிப்புத்தகத்தை அவர் பார்த்ததில்லை. ஆனால் புத்தகம் சொல்வதும் அச்சு அசலாக இதைத்தான்.

அவர் செய்யும் இன்னொரு காரியம் என்னை வாய்பிளக்க வைத்தது. நான்கு பக்கமும் அளந்து முடித்ததும், மூலையிலிருந்து எதிர்மூலைக்கு டேப்பை இழுப்பார். இரண்டு மூலைவிட்டமும் ஒரே அளவாக இருக்க வேண்டும். எவ்வளவு தெரியுமா? 20.12 மீட்டர்! 18-ஐ 18-ஆல் பெருக்கினால் 324, 9-ஐ 9-ஆல் பெருக்கினால் 81, கூட்டினால் 405, அதன் வர்க்கமூலம் 20.12 சொச்சம். பக்கங்கள் நான்கும் சரியாக இருந்தாலும் மூலைவிட்டம் மாறினால் களம் சதுர மூலை இழந்து காற்றில் சாய்ந்த ஓலைப்பாய் மாதிரி நெளிந்துவிடும். வீட்டுக்கு வானம் தோண்டும்போது 3, 4, 5 என்று முக்கோணம் போட்டு மூலைமட்டம் பார்ப்பார்களே, அதே வித்தைதான்.

இதில் ஒரு தமிழ்ச் சங்கதியும் இருக்கிறது. வர்க்கமூலம் போடாமலே மூலைவிட்டம் காணும் பாட்டுக் கணக்கு ஒன்று நம்மிடையே பரவலாகச் சொல்லப்படுகிறது. நீண்ட பக்கத்தில் எட்டில் ஒரு பங்கைக் கழி, குறும்பக்கத்தில் பாதியைக் கூட்டு, அவ்வளவுதான்! 3-க்கும் 4-க்கும் போட்டால் துல்லியமாக 5 வருகிறது. கைப்பந்துக் களத்துக்குப் போட்டுப் பார்த்தேன். 18-ல் 2.25 போக 15.75, அதோடு 4.5 சேர 20.25. உண்மையைவிட 13 செ.மீ. அதிகம். மனக்கணக்காக வியக்க வைக்கிறது, ஆனால் களத்துக்கு டேப்தான் வேண்டும்.

உள்ளே இன்னும் மூன்று கோடு உண்டு. நெட்டுக்கு நேர் கீழே ஓடும் நடுக்கோடு இரண்டு அணிக்கும் பொது. அதன் மையம்தான் களத்தை ஒன்பதுக்கு ஒன்பது என்று இரண்டு சதுரமாகப் பிரிக்கிறது. அந்த மையத்திலிருந்து 3 மீட்டரில், கோட்டின் பின்விளிம்பு வரும்படி, பக்கத்துக்கு ஒன்றாகத் தாக்குதல் கோடு. பின்வரிசை ஆட்டக்காரர் நெட் உயரத்துக்கு மேலிருக்கும் பந்தை அடிக்க வேண்டுமானால் இந்தக் கோட்டை மிதிக்காமல் அதற்குப் பின்னாலிருந்து எழும்ப வேண்டும். எழும்பிய பிறகு முன்னால் போய் இறங்கலாம்! அடிக்கும் கையைவிட அந்தக் கடைசிக் காலடியைப் பார்த்திருக்கிறீர்களா? கோட்டுக்குப் பின்னால் ஒரு சாண் தள்ளி ஊன்றி அப்படியே பறந்து வருவார்கள். பெரிய போட்டிகளில் இந்தக் கோடு பக்கக் கோட்டுக்கு வெளியேயும் நீளும். 15 செ.மீ. நீளத்தில் ஐந்து துண்டுகள், நடுவில் 20 செ.மீ. இடைவெளி. ஐந்து துண்டும் நான்கு இடைவெளியும் கூட்டினால் 1.55 மீட்டர்தான், பக்கக் கோட்டுக்கும் முதல் துண்டுக்கும் நடுவில் உள்ள 20 செ.மீ.யையும் சேர்த்தால்தான் விதி சொல்லும் 1.75 வருகிறது. எத்தனை நுணுக்கம்!

பின்கோட்டுக்கு 20 செ.மீ. பின்னால் இரண்டு சின்னக் கோடுகள் இருக்குமே, 15 செ.மீ. நீளத்தில்? அவைதான் சர்வீஸ் போடும் இடத்தின் இரு எல்லைகள். இன்று ஒன்பது மீட்டர் அகலத்தில் எங்கே நின்று வேண்டுமானாலும் சர்வீஸ் போடலாம். 1994 வரை அப்படி இல்லை, தெரியுமா? வலது ஓரத்து 3 மீட்டருக்குள்தான் நிற்க வேண்டும். களத்தில் ஒரு புள்ளி சுண்ணாம்பைத் தள்ளிப் போட்டார்கள், ஆட்டத்தின் முகமே மாறிவிட்டது.

இனி நெட்டுக்கு வருவோம். என் நெஞ்சு அடித்துக்கொள்ளும் இடம் இதுதான்.

ஆண்களுக்கு 2.43 மீட்டர், பெண்களுக்கு 2.24 மீட்டர். இந்த 2.43 எங்கிருந்து வந்தது? அடியில் பாருங்கள், 8 அடி! சரியாகச் சொன்னால் 243.84 செ.மீ. அமெரிக்க அடிக்கணக்கு மீட்டர் வேடம் போட்டு நிற்கிறது. 1895-ல் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஹோலியோக் ஊரில், ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சி இயக்குநர் வில்லியம் மோர்கன் இந்த ஆட்டத்தை உருவாக்கியபோது நெட்டின் உயரம் 6 அடி 6 அங்குலம்தான், 1.98 மீட்டர். அவரிடம் வந்தவர்கள் நடுத்தர வயது வியாபாரிகள். நான்கு ஆண்டுகளுக்கு முன் பக்கத்து ஊரான ஸ்பிரிங்ஃபீல்டில் பிறந்திருந்த கூடைப்பந்து அவர்கள் உடம்புக்குக் கொஞ்சம் முரட்டுத்தனம். மேலே இடிபடாமல், மூச்சு வாங்காமல் ஆட ஒன்று வேண்டும் என்று டென்னிஸ் நெட்டை எடுத்து உயர்த்திக் கட்டினார். மின்டோனெட் என்று பெயரும் வைத்தார். அடுத்த ஆண்டு ஸ்பிரிங்ஃபீல்டில் ஆடிக் காட்டியபோது, பந்து தரையைத் தொடாமல் அங்குமிங்கும் பறப்பதைப் பார்த்த ஆல்ஃபிரட் ஹால்ஸ்டெட் என்பவர் சொன்ன பெயர்தான் வாலிபால். மூச்சு வாங்கக் கூடாது என்று பிறந்த ஆட்டம் இன்று எம்பி எம்பிக் குதிக்கிறது!

நெட்டின் அகலம் 1 மீட்டர், நீளம் ஒன்பதரை முதல் 10 மீட்டர். கண் ஒவ்வொன்றும் 10 செ.மீ. சதுரம். ஆக ஒரு நெட்டுக்குக் கிட்டத்தட்ட ஆயிரம் கண்! பந்தின் சுற்றளவு 65 முதல் 67 செ.மீ.; குறுக்களவு 21 செ.மீ. கண்ணைப்போல் இரண்டு மடங்கு. அதனால் எவ்வளவு வேகமாக வந்து மோதினாலும் நுழையாது. மேல் விளிம்பில் 7 செ.மீ. வெள்ளைக் கான்வாஸ் பட்டை, கீழே 5 செ.மீ. பட்டை. கீழ்விளிம்பு ஆண்கள் ஆட்டத்தில் தரையிலிருந்து 1.43 மீட்டரில் நிற்கும். அதற்கும் ஒரு கயிறு ஓடுகிறது, அதையும் இறுக்க வேண்டும். நெட்டில் பட்ட பந்தை மூன்று தொடுதலுக்குள் எடுத்து ஆடலாமே! கீழ்க்கயிறு தொங்கினால் பந்து பொத்தென்று நேரே விழும். இறுகி இருந்தால் எகிறி வெளியே வரும், கை கொடுக்கலாம். நல்ல நெட்டை அடையாளம் காண நான் எப்போதும் கீழ்க்கயிறைத்தான் தொட்டுப் பார்ப்பேன்.

இப்போது கேளுங்கள். நெட்டை ஒரு சொட்டுக்கூடத் தொய்வில்லாமல் நேர்க்கோடாகக் கட்ட இந்த உலகத்தில் யாராலும் முடியாது, தெரியுமா? எடையுள்ள எந்தக் கயிறும் கிடைமட்டத்தில் கொஞ்சமாவது தாழ்ந்தே தீரும். ஒன்பது மீட்டர் நீளத்து நெட்டும் கம்பியும் சேர்ந்து 4 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நடுவில் 2 செ.மீ.க்கு மேல் தாழாமல் நிறுத்த எவ்வளவு இழுக்க வேண்டும்? ஏறக்குறைய 225 கிலோ! வாட்டசாட்டமான மூன்று ஆட்கள் தொங்கும் எடை. 1 செ.மீ. போதும் என்றால் 450 கிலோ. தொய்வே கூடாது என்றால்? இழுவிசைக்கு முடிவே இல்லை, கம்பிதான் அறும்.

அதனால்தான் விதி எழுதியவர்கள் மேல் எனக்கு இத்தனை மரியாதை. உயரத்தைக் களத்தின் நடுவில் அளக்கச் சொன்னார்கள். அங்கே சரியாக 2.43. இரு பக்கக் கோட்டின் மேலும் நெட் ஒரே உயரமாக இருக்க வேண்டும். அந்த உயரம் நடுவின் உயரத்தைவிட 2 செ.மீ.க்கு மேல் கூடக் கூடாது. இயற்கைக்கு இரண்டு சென்டிமீட்டர் விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். என்னைக் கேட்டால் அந்தப் புத்தகத்திலேயே அழகான வரி இதுதான்.

இவ்வளவு இழுப்பையும் தாங்குவது தூண். அதன் உயரம் 2.55 மீட்டர், நெட்டைவிட 12 செ.மீ.தான் அதிகம். பக்கக் கோட்டிலிருந்து அரை மீட்டருக்கும் 1 மீட்டருக்கும் இடையில் நட வேண்டும். இழுத்துக்கட்டும் கம்பி எதுவும் கூடாது, ஓடி வருகிறவர் கால் மாட்டும் என்பதால்! சவுக்குக்கம்பை நட்டு, பின்னால் முளையடித்துக் கயிறு கட்டுகிற பழக்கத்தை விட்டுவிடச் சொல்லிப் பல ஊர்களில் மன்றாடியிருக்கிறேன். பந்தையே பார்த்துக்கொண்டு ஓடுகிற பையனுக்கு இருட்டில் அந்தக் கயிறு தெரியாது. இரும்புக் குழாயை மூன்றடிக் குழியில் நிறுத்திக் கான்கிரீட் போடுங்கள், சுற்றிலும் பழைய மெத்தைப் பஞ்சையாவது சுற்றுங்கள்.

தூண் ஏன் அசையக் கூடாது என்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. தூண்களுக்கு இடையே 11 மீட்டர். கம்பி சிறிதும் நீளாதது என்று வைத்துக்கொண்டு, இரண்டு தூணின் தலையும் ஒரே ஒரு சென்டிமீட்டர் உள்ளே சாய்ந்தால் நடுவில் எவ்வளவு தொய்யும் தெரியுமா? ஏறக்குறைய 29 செ.மீ.! நிஜக் கம்பி இழுபட்டு நிற்பதால் அவ்வளவு இறங்காது. ஆனால் சாயங்காலம் சரியாகக் கட்டிய நெட் இரவு பத்து மணிக்கு ஏன் தாழ்ந்திருக்கிறது என்ற கேள்விக்குப் பதில் இதில் இருக்கிறது. நைலான் கயிறாக இருந்தால் பனி இறங்க இறங்க அது வேறு நீளும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் அளவுகோல் பிடிக்காத போட்டியில் தோற்றவர்களுக்காக என் மனசு அடித்துக்கொள்ளும்.

நெட்டின் இரு ஓரத்திலும் சிவப்பும் வெள்ளையுமாக ஒரு குச்சி நிற்குமே, ஆன்டெனா? கண்ணாடியிழைக் குச்சி, 1.80 மீட்டர் நீளம், சுண்டுவிரலைவிட மெலிசு. நெட்டுக்கு மேலே 80 செ.மீ. தெரியும், அந்தப் பகுதியில்தான் 10 செ.மீ.க்கு ஒரு பட்டையாக நிறம் மாறும். இரண்டும் நெட்டின் ஒரே பக்கத்தில் இருக்காது, கவனித்திருக்கிறீர்களா? ஒன்று இந்த அணியின் பக்கம், மற்றது எதிரணியின் பக்கம்! பந்து எதிர்ப்புறம் போவதற்கான வாசற்கால் இந்த இரண்டும். குச்சி முடிந்த பிறகும் அந்த வாசல் கற்பனையாகக் கூரைவரை எழும்புகிறது. 1970-களின் நடுவரை இந்த வாசலின் அகலம் 9.40 மீட்டர். பிறகு பக்கக் கோட்டுக்கு நேராக நகர்த்தி 9 மீட்டராக்கினார்கள்.

மணலில் ஆடினால் களமே சுருங்குகிறது! கடற்கரைக் கைப்பந்தும் 2000-ல் சிட்னி ஒலிம்பிக் வரை 18-க்கு 9 மீட்டரில்தான் நடந்தது. ஆளோ அணிக்கு இரண்டே பேர். இப்போது 16-க்கு 8. மணல் குறைந்தது 40 செ.மீ. ஆழம் இருக்க வேண்டும். நடுக்கோடும் இல்லை, தாக்குதல் கோடும் இல்லை. நெட் உயரம் மட்டும் மாறவில்லை. உட்கார்ந்தபடி ஆடும் கைப்பந்தில் களம் 10-க்கு 6 மீட்டர், நெட் ஆண்களுக்கு 1.15, பெண்களுக்கு 1.05. பாராலிம்பிக்கில் அதைப் பார்த்தவர்கள் கண் இமைக்க மறந்திருப்பார்கள்.

இந்த ஆட்டம் நம் மண்ணுக்கு வந்ததும் ஒய்.எம்.சி.ஏ. வழியாகத்தான். 1920-ல் சென்னையில் ஹாரி குரோ பக் தொடங்கிய உடற்கல்விக் கல்லூரியில் படித்து வந்த ஆசிரியர்கள் பள்ளிக்கூடங்களில் நெட் கட்டினார்கள். 1961-ல் அர்ஜுனா விருது தொடங்கிய ஆண்டிலேயே கைப்பந்துக்காக அதைப் பெற்றவர் ஏ. பழனிசாமி. கடல் தாண்டினால் கரப்பந்து என்று பெயர். இலங்கையின் தேசிய விளையாட்டே 1991 முதல் அதுதான்!

நடுவர் எங்கே அமர வேண்டும் என்பதுகூட அளவுதான். முதல் நடுவரின் கண் நெட்டுக்கு மேலே ஏறக்குறைய 50 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். தரையிலிருந்து 2.93 மீட்டர். எங்கள் ஊரில் பள்ளிக்கூட மேசை மேல் மேசை போட்டு, அதன்மேல் ஒரு நாற்காலி. அங்கே ஏறி உட்கார்ந்தால் நெட்டின் வெள்ளைப் பட்டை ஒரே கோடாக, ஒரு கையின் விரல் நுனி அதைத் தாண்டி வருவதும் தெரியும்படி, கண்ணுக்குக் கீழே விரிகிறது. ஒருமுறை ஏறிப் பார்த்திருக்கிறேன். கீழே நின்று பார்த்த ஆட்டம் வேறு.

சென்ற பொங்கலுக்கு ஆண்கள் இறுதியாட்டம் முடிய விடிகாலை மூன்றரை ஆகிவிட்டது. காலை எட்டு மணிக்குப் பெண்கள் ஆட்டம். மாமா தூங்கவே போகவில்லை. அவரிடம் ஒரு மூங்கில் கோல் உண்டு, கத்தியால் செதுக்கிய இரண்டு வெட்டுகளோடு, மேல்வெட்டு 2.43, கீழ்வெட்டு 2.24. ராட்செட்டைத் தளர்த்தி, கொக்கியை 19 செ.மீ. கீழே மாட்டி, மறுபடி இறுக்கி, களத்தின் நடுவில் கோலை நிறுத்தினார். பட்டை கீழ்வெட்டில் சரியாக உட்கார்ந்தது. திருப்தியோடு கோலைத் தோளில் சாய்க்கப் போனவரை, காலுக்குப் பட்டை சுற்றிக்கொண்டிருந்த ஒரு பெண் நிமிர்ந்து பார்த்தாள். பத்தாவதோ பதினொன்றாவதோ படிக்கிற பிள்ளை.

"மாமா, ரெண்டு ஓரத்தையும் பாத்துட்டீங்களா?"

"நடுவுல சரியா இருக்கு தாயி."

"நடுவுல சரிதான். அந்தத் தூண் நேத்து ராத்திரியே கொஞ்சம் உள்ள சாஞ்சிருந்துச்சு. கோலைக் குடுங்க."

வாங்கிக்கொண்டு போய் மேற்குப் பக்கக் கோட்டின் மேல் நிறுத்தினாள். கீழ்வெட்டுக்கு மேலே இரண்டு விரற்கடை தெரிந்தது. கிழக்குப் பக்கம் ஒரு விரற்கடைகூட இல்லை. மாமா ஒன்றும் பேசாமல் கடப்பாரையை எடுத்துக்கொண்டு மேற்குத் தூணுக்கு நடந்தார்.